களிமண்ணுக்குள் புகுந்த காற்று

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து நெய்வேலி அதிக தூரமில்லை. பெண்ணையாற்றங்கரையை விட்டுப் பண்ணுருட்டியைக் கடந்துவிட்டால், சாலையின் இரு மருங்கிலும் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் தொடர்ந்து வரும். மண் செக்கச் செவேலென்று இருக்கும். மழைக்காலத்தில் அவ்வழியே நடந்து போனால் வேட்டிக் கரை சிவந்துவிடும். சென்ற தை மாதத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரை அழைத்துக்கொண்டு அந்தச் சாலையில் நாம் பிரயாணம் செய்தோம். நெய்வேலிச் சுரங்கத்தை அவர்களுக்குக் காட்டுவதுதான் நோக்கம். ஆனால் அங்கே ஒரு சிறுமி கேட்ட கேள்வி, நம்மைப் பிரெஞ்சு தேசத்து மலையொன்றின் அடிவயிறு வரையில் இழுத்துச் சென்றுவிட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

நெய்வேலியின் வரலாறு வாசகர்களிற் பலருக்குத் தெரிந்ததே. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம்முடைய நிலத்தில் தண்ணீருக்காகக் குழாய் இறக்கியபோது, நீரோடு கறுப்புத் துகள்களும் மேலே வந்தன. அவர் அதை அலட்சியம் செய்யாமல் அரசாங்கத்தாருக்குத் தெரிவித்தார். 1957-ஆம் வருஷம் மே மாதம் 20-ஆம் தேதி பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெயிலைக் கண்டது.

சுரங்கமென்றால் விளக்கைப் பிடித்துக்கொண்டு இருட்டுக் குகைக்குள் போவார்கள் என்று எண்ணி வந்த பிள்ளைகளுக்கு முதலில் சற்று ஏமாற்றந்தான். நெய்வேலியில் இருப்பது திறந்த பள்ளம். ஓர் ஊரையே உள்ளே இறக்கி வைத்துவிடலாம் போன்ற பள்ளம். அதன் விளிம்பில் நின்று பார்த்தால், எதிர்ச் சுவர் ஒரு பெரிய புடவையை விரித்துத் தொங்கவிட்டதுபோல் தெரிகிறது. மேலே சிவப்பு. அதன் கீழே மஞ்சளும் வெண்மையும் கலந்த மணலும் களியும். இன்னும் கீழே போகப் போகச் சாம்பல் நிறம் கறுத்துக்கொண்டே வருகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் நிலக்கரி. அதற்கும் கீழே இருக்கும் ஊற்றுநீர், மேலே இருக்கும் பாரம் குறைந்தவுடன் பள்ளத்தின் அடியைப் பெயர்த்துக்கொண்டு பொங்கிவிடக் கூடியது. அதனால் இரவு பகலாக இயந்திரங்கள் அந்த நீரை இறைத்துக்கொண்டே இருக்கின்றன.

"மேலே ஏன் சிவப்பு, கீழே ஏன் கறுப்பு?" என்று பிள்ளைகளைக் கேட்டோம். விடை தெரியாமல் அவர்கள் விழிக்கவில்லை. அவர்களில் ஒருவன் குயவர் வீட்டுப் பிள்ளை. முந்திய வாரந்தான் அவன் பாட்டனாரின் சூளையண்டை நாம் எல்லோரும் போய் நின்றிருந்தோம். "காத்து பூந்தா செவப்பு, அடைச்சுட்டா கறுப்பு. அவ்வளவுதான் வாத்தியாரய்யா" என்று பெரியவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ரஸாயன நூல் நாலு பக்கத்தில் சொல்லுவதும் இதைத்தான். களிமண்ணில் இரும்பு கலந்திருக்கிறது. பிராணவாயு தாராளமாகக் கிடைத்தால் அந்த இரும்பு சிவக்கிறது. கிடைக்காவிட்டால் சாம்பல் நிறமாகவோ கருமையாகவோ நின்றுவிடுகிறது. கரியும் சேர்ந்துகொண்டால் கருமை இன்னும் அழுத்தமாகிறது. ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்திருக்கும் பழைய மட்கலங்கள் வெளியே சிவப்பாகவும் உள்ளே கறுப்பாகவும் இருப்பதை வாசகர்கள் படங்களில் பார்த்திருப்பார்கள். அவற்றைக் கவிழ்த்து வைத்து, வாய்ப்பக்கத்துக்குக் காற்றுப் போகாதபடி சுட்டிருக்க வேண்டும் என்று அகழ்வாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

நெய்வேலிப் பள்ளத்தின் சுவரும் அப்படிப்பட்ட ஒரு கலந்தான். மேல்மண்ணுக்குள் மழைநீரோடு பிராணவாயு இறங்கியது, அது சிவந்தது. கீழே களியும் நீரும் சேர்ந்து மூடியாக அமைந்த இடத்துக்கு அது எட்டவில்லை. எட்டியிருந்தால் நிலக்கரியே இருந்திராது. ஏனெனில் நிலக்கரி என்பது மக்கி மறைந்து போகாமல் தப்பிய மரம் அல்லவா? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் விழுந்த காடு அது. காற்றுப் பட்டிருந்தால் சில வருஷங்களில் செல்லும் புழுவும் காளானும் அதைத் தின்று தீர்த்திருக்கும்.

இத்தாலி தேசத்தில் தூனரோப்பா என்றொரு சிற்றூர் இருக்கிறது. செங்கலுக்காகக் களிமண் வெட்டிய குழியொன்றில், பல பெரிய மரங்களின் அடித்தூர்கள் நின்றபடியே அங்கே அகப்பட்டன. அவை பத்து லட்சம் வருஷங்களுக்கும் மேற்பட்டவை. ஆயினும் கல்லாக மாறவில்லை, கரியாகவும் மாறவில்லை. இன்னும் மரமாகவே இருக்கின்றன! களிமண் அவற்றைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு காற்றையும் நீரோட்டத்தையும் அண்டவிடாமல் காத்தது. ஆனால் குழி வெட்டி வெயிலும் காற்றும் பட ஆரம்பித்தவுடன் அவை சிதையத் தொடங்கிவிட்டன. இப்பொழுது கூரை போட்டுக் காப்பாற்றி வருகிறார்கள். பத்து லட்சம் வருஷம் கெடாத மரம், பத்து வருஷக் காற்றுக்குத் தாங்கவில்லை. இந்த விவரத்தை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பள்ளத்தின் விளிம்பில் நின்று இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாக, "இந்தக் குணத்தைக் கண்டுதான் ஐரோப்பாவில் அணுக் கழிவுகளைக் களிப்பாறைக்குள் புதைக்கப் போகிறார்கள்" என்றும் சொல்லி வைத்தோம். உடனே ஒரு சிறுமி முன்னால் வந்தாள்.

"புதைக்க வேண்டுமென்றால் முதலில் தோண்ட வேண்டுமே, சார்! தோண்டினால் காற்று உள்ளே போய்விடுமே!"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. காற்றுப் புகாத இடம் என்பதற்காகவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே போவதற்காகவே காற்றுக்கு வழி திறந்துவிடுவதென்றால், அது பூட்டை உடைத்து உள்ளே போய் நகையைப் பத்திரமாக வைத்துவிட்டு வருவது போலல்லவா இருக்கிறது? அன்று நம்மிடம் தக்க பதில் இல்லை. "படித்துப் பார்த்துச் சொல்கிறேன், அம்மா" என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினோம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நெய்வேலியில் அணுக் கழிவைப் புதைக்கப் போவதாக யாரும் சொல்லவில்லை. நாமும் சொல்ல வரவில்லை. வீண் வதந்திக்கு இந்தக் கட்டுரை காரணமாகிவிடக் கூடாது. நெய்வேலி நமக்குக் கரும்பலகை மட்டுமே.

நிற்க. அணுக் கழிவென்பது என்ன? கல்பாக்கத்தில் 1983 முதலும், கூடங்குளத்தில் 2013 முதலும் அணு உலைகள் இயங்கி வருகின்றன. உலையில் எரிந்து தீர்ந்த யுரேனியக் கோல்களில் புதிய மூலகங்கள் பல பிறந்திருக்கும். அவற்றிற் சில, கண்ணுக்குத் தெரியாத கதிர்களை வீசிக்கொண்டே மெல்ல மெல்ல அடங்குகின்றன. சீஸியம், ஸ்ட்ரான்ஷியம் போன்றவை முப்பது வருஷத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைகின்றன. நம் பேரப் பிள்ளைகளின் பேரப் பிள்ளைகள் காலத்தில் அவை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆனால் புளூட்டோனியம் பாதியாகக் குறைவதற்கு 24,000 வருஷம் ஆகிறது. டெக்னீஷியம் என்ற மூலகத்துக்கு இரண்டு லட்சம் வருஷத்துக்கு மேல். கரிகாலன் கல்லணை கட்டி இரண்டாயிரம் வருஷமாயிற்று என்று பெருமைப்படுகிறோமே, அதைப்போல் நூறு மடங்கு காலம். இவ்வளவு காலம் காவல் இருக்கக்கூடிய அரசாங்கமோ, மதில்சுவரோ, கல்வெட்டோ மனிதனால் ஆக்க இயலாது. ஆகவே பூமியிடமே ஒப்படைத்துவிடுவோம் என்ற முடிவுக்குப் பல தேசத்தாரும் வந்திருக்கிறார்கள். ஸ்வீடனும் பின்லாந்தும் கருங்கற்பாறையை நம்பின. பிரான்ஸும் ஸ்விட்ஸர்லாந்தும் களிப்பாறையை நம்பின.

களிப்பாறை என்பது, பல கோடி வருஷங்களுக்கு முன் கடலடியில் படிந்த களிமண் மேற்பாரத்தால் இறுகிப் பாறையானது. பிரான்ஸில் பியூர் என்ற ஊருக்கு அடியில் 490 மீட்டர் ஆழத்தில் ஆராய்ச்சிக்காக வெட்டியிருக்கும் பாறை, ஏறக்குறைய 16 கோடி வருஷத்தது. அதனூடே தண்ணீர் நகர்வது இல்லை என்றே சொல்லலாம். அதன் துகள்கள் பல மூலகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்பு வாய்ந்தவை. விரிசல் கண்டாலும் ஈரம் பட்டால் ஊறித் தானே மூடிக்கொள்ளும். இவற்றோடு நான்காவதாக ஒரு குணம் இருக்கிறது. அதுதான் நம் குயவர் சொன்னது: உள்ளே பிராணவாயு இல்லை.

அதனால் என்ன லாபம்? யுரேனியத்துக்கும் டெக்னீஷியத்துக்கும் இரண்டு சுபாவங்கள் உண்டு. பிராணவாயு இல்லாத இடத்தில் அவை தண்ணீரில் கரையாமல் கல்லோடு கல்லாகக் கிடக்கின்றன. பிராணவாயு பட்டால் கரையும் உருவத்தை அடைந்து, தண்ணீரோடு புறப்பட்டுவிடுகின்றன. கானடா தேசத்தில் சிகார் ஏரி என்ற இடத்தில் பூமிக்கடியில் நானூறு மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உயர்ந்த ரக யுரேனியக் கனி இருக்கிறது. அதைச் சுற்றிலும் களிமண் உறைபோல் மூடியிருக்கிறது. நூறு கோடி வருஷத்துக்கும் மேலாக அது அங்கே இருந்தும், மேலே நிற்பவருடைய கருவிகளுக்கு அதன் கதிர் தென்படுவதில்லை. இயற்கை தானே செய்து காட்டியிருக்கும் இந்தப் பரீட்சையைத்தான் விஞ்ஞானிகள் பெரிதும் நம்புகிறார்கள். ஆனால் சிகார் ஏரியின் அடியில் அந்த நூறு கோடி வருஷமும் யாரும் குகை வெட்டிக் காற்றாடி வைக்கவில்லை. சிறுமியின் கேள்வி அப்படியே நிற்கிறது.

காற்று உள்ளே போனால் நடப்பது என்ன என்பதை வகுப்பிலேயே செய்து பார்த்தோம். நம்மிடம் முன்பு படித்த ஒருவர் இப்பொழுது சுரங்கத்தில் வேலை பார்க்கிறார். நிலக்கரியை ஒட்டிக் கிடந்த கறுப்புக் களியில், வெட்டிய அன்றே இரண்டு பெரிய கட்டிகளை அவர் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றைக் கொதித்து ஆறிய நீர் நிரம்பிய சீசாவில் போட்டு மெழுகால் அடைத்தோம். மற்றதை ஜன்னற் படியில் வைத்து, நாள்தோறும் சிறிது நீர் தெளித்து வந்தோம். மூன்று வாரத்தில் ஜன்னற் கட்டியின் மேல் மஞ்சளாகவும் வெண்மையாகவும் ஒரு பொடி பூத்தது. அதைச் சிறிது நீரில் கரைத்து நீல லிட்மஸ் காகிதத்தை நனைத்தபோது அது சிவந்தது. புளிப்பு! கந்தகத் திராவகம் பிறந்திருக்கிறது என்று பொருள். சீசாவில் இருந்ததோ, போட்டது போட்டபடி கறுப்பாகவே இருந்தது.

இதற்குக் காரணம் பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிதான். பொன்போல் மின்னுவது, பொன்னென்று மயங்கி மூட்டை கட்டி எடுத்துப்போய் ஏமாந்தவர்கள் மேனாட்டில் பலர். ஐரோப்பியக் களிப்பாறைகளில் இது நூற்றுக்கு ஒரு பங்கு முதல் சில பங்கு வரையில் கலந்திருக்கிறது. நம் நெய்வேலி நிலக்கரியிலும் இந்த இனத்துக் கனி சிறிதளவு உண்டு. காற்றும் ஈரமும் சேர்ந்து இதைத் தொட்டால், இரும்பு துருவாகிறது, கந்தகம் திராவகமாகிறது. இதைத்தான் நூல்கள் ஆக்ஸிகரணம் என்கின்றன. பாறையில் சுண்ணாம்பு கலந்திருந்தால் திராவகம் அதைத் தின்று ஜிப்ஸமாகிறது. களர் நிலத்துக்கு உழவர்கள் போடுகிறார்களே, அதே ஜிப்ஸம். சுண்ணாம்பு இருக்கும் வரையில் புளிப்பு அடங்கிவிடும். ஆனால் கந்தக உப்பு மிகுந்த நீர் சிமெண்டுக்குப் பகை; அது சிமெண்டை உள்ளிருந்து உப்ப வைத்துப் பிளந்துவிடும். புளித்த நீர் எஃகுப் பெட்டிகளுக்கும் ஆகாது. இவ்வளவும் காற்றால் வரும் கேடு.

இனி, எவ்வளவு காலம் காற்று உள்ளே இருக்கும் என்று பார்க்க வேண்டும். குகை வெட்டி, ஒவ்வொரு பெட்டியாக உள்ளே இறக்கி, எல்லாம் நிறைந்தபின் மூடுவதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் போட்டிருக்கும் கணக்கு ஏறக்குறைய நூறு வருஷம். அவ்வளவு காலமும் வேலையாட்கள் உள்ளே மூச்சு விட வேண்டும். ஆகவே காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். நூறு வருஷக் காற்று களிப்பாறையை எவ்வளவு தூரம் கெடுக்கும்? இதைச் சோதனைச்சாலையில் கண்டுபிடிக்க முடியுமா? பரீட்சையைத் தொடங்கியவர் முடிவைப் பார்க்க இருக்க மாட்டாரே!

இந்த இடத்தில்தான் கதையில் ஒரு ரெயில் பாதை வந்து சேர்கிறது.

தெற்குப் பிரான்ஸில் அவேரான் பிரதேசத்தில் தூர்ன்மீர் என்று ஒரு கிராமம். 1882-க்கும் 1886-க்கும் இடையில், ரெயில் போவதற்காக அங்கே ஒரு மலையைக் குடைந்தார்கள். நீளம் 1,885 மீட்டர். ரெயில் பாதை போட்டவர்கள் அணுவைக் கனவிலும் கண்டவர்கள் அல்லர். ரேடியத்தைக் கியூரி தம்பதிகள் கண்டுபிடித்ததே 1898-இல்தான். அவர்கள் குடைந்த மலையின் உட்பகுதி தற்செயலாகக் களிப்பாறையாக அமைந்துவிட்டது. பல வருஷம் ரெயில் ஓடியது, பிறகு நின்றது. குகை மட்டும் சுண்ணாம்புக்கற் சுவரோடு காற்றாடிக் கிடந்தது. ஒரு நூற்றாண்டு கழிந்தபின், பிரெஞ்சு நாட்டின் அணுப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள், நூறு வருஷப் பரீட்சை ஒன்று ஏற்கெனவே நடந்து முடிந்து தங்களுக்காகக் காத்திருப்பதைக் கண்டார்கள். பழைய சுவரைத் துளைத்துப் பாறையிலிருந்து நீண்ட உருளைகளை வெட்டி எடுத்தார்கள். அதோடு நிற்காமல், 1996-இலும், 2003-இலும், 2008-இலும் அதே பாறையில் பக்கவாட்டில் புதிய குகைகளைக் குடைந்தார்கள். ஆக, நூறு வயதுக் கிழவனும், பத்து வயதுப் பையனும், கைக்குழந்தையும் ஒரே வீட்டில் இருப்பதுபோல் மூன்று தலைமுறைக் குகைகள் ஒரே மலையில் அமைந்தன.

அவர்கள் கண்டது யாது? குகையைச் சுற்றியுள்ள பாறை, சுமை மாறியதாலும் உலர்ந்ததாலும் ஓரிரு மீட்டர் ஆழம் வரையில் விரிசல் விட்டிருந்தது. புதிய குகைகளில் இன்னொரு வேடிக்கையும் தெரிந்தது. குளிர்காலத்தில் வரும் உலர்ந்த காற்றால் பாறை சுருங்கி வெடிப்புகள் வாய் திறக்கின்றன. கோடையில் ஈரக் காற்று வந்ததும் மூடிக்கொள்கின்றன. நம் ஊர் நஞ்சை நிலம் அறுவடைக்குப் பின் வெடித்து, மழை வந்ததும் கூடுகிறதே, அதே கூத்துத்தான். பருவம் மட்டும் மாறியிருக்கிறது. பழைய குகையில் அந்த வெடிப்புகளின் ஓரங்களிலே துருவும் ஜிப்ஸமும் பூத்திருந்தன. நம் ஜன்னற் கட்டியில் பூத்த இனந்தான். ஆனால் விரிசல் முடிந்த இடத்தில் அதுவும் முடிந்துவிட்டது. அதற்கப்பால் பைரைட் புதிதாக மின்னிக்கொண்டிருந்தது. நூறு வருஷம் காற்று முட்டி மோதியும், பாறையின் உடம்புக்குள் நுழைய முடியவில்லை. வெடிப்பு வழிவிட்ட இடத்துக்கு மட்டும் போய்வந்திருக்கிறது.

பெல்ஜியத்தில் மோல் என்ற ஊரில், 225 மீட்டர் ஆழத்தில், 1980 முதல் ஆராய்ச்சிக் குகைகள் இருக்கின்றன. அங்குள்ளது இறுகாத மெத்தென்ற களி. அங்கும் கந்தக உப்பு மிகுந்திருப்பது குகையைச் சுற்றிச் சுமார் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஸ்விட்ஸர்லாந்தில் மோன் தெரி மலையில் 1996 முதல் பல தேசத்தார் கூடி இத்தகைய ஆராய்ச்சிகளை நடத்தி வருகிறார்கள். அந்நாட்டார் 2022-இல் தங்கள் புதைகுழிக்கான இடத்தையும் களிப்பாறையிலேயே குறித்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 2023 ஜனவரியில் பியூர் அருகே நிரந்தரக் குழி வெட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் செய்தார்கள்.

காற்று ஏன் உள்ளே போக முடியவில்லை? இங்கேதான் நமக்கு மிகுந்த ஆச்சரியம் உண்டாயிற்று. கெடுதலுக்குக் காரணம் என்று எந்தப் பைரைட்டைச் சொன்னோமோ, அதுவே காவற்காரனாகவும் இருக்கிறது. பிராணவாயு எதிர்ப்பட்டவுடன் அதைப் பிடித்துத் தான் துருவாகிவிடுகிறது. அடுத்த அடிக்குப் போக வாயு மிச்சமில்லை. பாறையில் கலந்துள்ள பழைய உயிர்களின் மக்கும் இதற்குத் துணை. குகையை மூடியபின் உள்ளே அகப்பட்டுக்கொண்ட காற்றும் இவ்விதமே செலவழிந்து போகும். கடவுள் விஷத்தை உண்ட கதை நம் நாட்டில் உண்டு. தொண்டை நீலமாயிற்று, உலகம் பிழைத்தது. பாறையின் தொண்டை சிவக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைப் படித்துவிட்டு, "ஆகவே எல்லாம் க்ஷேமம்" என்று வாசகர்கள் புத்தகத்தை மூடிவிடக் கூடாது. தூர்ன்மீர்க் குகையில் சூடு கிடையாது. அணுக் கழிவுக் கண்ணாடியோ பல காலம் கொதித்துக்கொண்டிருப்பது. அது சுற்றுப்புறத்தை நூறு டிகிரிக்கு மேல் சூடேற்றாதபடி இடைவெளி விட்டு வைக்க வேண்டும். காற்று முழுவதும் தீர்ந்தபின் எஃகு அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு பிறக்கும். அதற்கு வழி வேண்டும், ஆனால் தண்ணீருக்கு அதே வழி ஆகாது. அயோடின் இனத்தில் ஒன்று, பிராணவாயு இருந்தாலும் இல்லாவிட்டாலும் களிக்கு அகப்படாமல் மெல்ல நகர்ந்து செல்வது. இவற்றையெல்லாம்விட, கீழிறங்கும் வாயிற்குழியை எவ்வளவு நன்றாக அடைக்கிறோம் என்பதில்தான் முடிவு இருக்கிறது. பானை எவ்வளவு நல்லதானாலும் மூடி சரியில்லையென்றால் என்ன பயன்? ஜெர்மனியில் அஸ்ஸே என்னும் பழைய உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரையில் சுமார் 1,26,000 பீப்பாய்களை இறக்கி வைத்தார்கள். இப்பொழுது அதனுள் தினந்தோறும் பல ஆயிரம் லிட்டர் உப்புநீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது. இறக்கிய பீப்பாய்களைத் திரும்ப எடுக்க வேண்டுமே என்று திண்டாடுகிறார்கள். வேறு காரியத்துக்காக வெட்டிய சுரங்கத்தைக் காலியாக இருக்கிறதே என்று இதற்குப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி.

நம் நாட்டின் நிலைமை எப்படி? நம்மவர்கள் எரிந்த கோல்களை அப்படியே புதைப்பதில்லை. அவற்றிலிருந்து பயன்படுவதைப் பிரித்து எடுத்துக்கொண்டு, எஞ்சிய கொடிய திரவத்தைக் கண்ணாடியோடு உருக்கிச் சேர்த்து எஃகுப் பெட்டியில் அடைக்கிறார்கள். தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் ஆகிய இடங்களில் இதற்கான ஆலைகள் இருக்கின்றன. இதனால் புதைக்க வேண்டிய அளவு வெகுவாகக் குறைகிறது. ஆகவே ஆழ்குழிக்கு இன்னும் பல ஆண்டுகள் அவசரமில்லை என்பது அரசாங்கத்தாரின் வாதம். பாரதத்தின் ஆராய்ச்சி பெரும்பாலும் கடினப் பாறைகளைப் பற்றியது. 1980-களில் கோலார்த் தங்கச் சுரங்கத்தில், கைவிடப்பட்ட ஒரு பகுதியில், சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் மின்சாரத்தால் பாறையைச் சூடேற்றி ஆராய்ந்தார்கள். கருங்கல்லில் வெட்டினாலும் பெட்டியைச் சுற்றிக் களிமண்ணையே திணிக்க வேண்டும். அதற்காக ராஜஸ்தானத்துக் களிமண்ணையும் சோதித்திருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் கடைசியில் களிமண்ணிடந்தான் வந்து நிற்கிறோம்.

2012-இல், கூடங்குளத்துக் கழிவு கோலாருக்கு வரப்போகிறது என்ற செய்தி பரவி அவ்வூர் ஜனங்கள் கிளர்ச்சி செய்தார்கள். அப்படியொரு திட்டமில்லை என்று அரசாங்கத்தார் விளக்கம் சொன்னார்கள். ஜனங்கள் அஞ்சியதை நாம் குறை கூற மாட்டோம். கீழே நடந்த ஆராய்ச்சி என்ன, கண்ட முடிவு என்ன என்று மேலே குடியிருப்பவர்களுக்கு அவர்கள் தாய்மொழியில் யாரும் எடுத்துச் சொல்லாத தேசத்தில், வதந்திதான் பாடப்புத்தகம்.

நமக்கு ஒரு குறை உண்டு. தூர்ன்மீரில் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்த செல்வம் பணத்தால் வாங்கக்கூடியதன்று. அது நூறு வருஷம். கோலாரில் 1880-களிலிருந்து வெட்டிய குகைகள் நமக்கும் இருந்தன. 2001-இல் சுரங்கத்தை மூடியபின் அவற்றில் நீர் நிறைந்துவிட்டது. காற்றும் ஈரமும் அந்தப் பாறையை நூற்றிருபது வருஷத்தில் என்ன செய்தன என்று அடுக்கடுக்காக அளந்து பார்க்கும் வாய்ப்பு நீரோடு போயிற்று. நெய்வேலியிலோ அறுபது வருஷத்துக்கும் மேலாகக் களியும் காற்றும் சந்தித்து வருகின்றன. இந்த வருஷம் வெட்டிய சுவர், பத்து வருஷத்துச் சுவர், முப்பது வருஷத்து மண்மேடு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. அது கடலடிக் களிப்பாறையன்று என்பதும், ஆழம் போதாது என்பதும், புதைகுழிக்கு ஏற்றதன்று என்பதும் நமக்குத் தெரியும். இருந்தாலும், காற்று எத்தனை வருஷத்தில் எத்தனை அங்குலம் போகிறது என்று பழகிக்கொள்வதற்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் தென்னாட்டில் கிடையாது. நம் கலாசாலைகளில் பூகர்ப்ப சாஸ்திரம் படிக்கும் பிள்ளைகள் அந்தச் சுவர்களுக்குத் தேதி போட்டு அளக்கத் தொடங்கினால், அவர்களுடைய பேரப் பிள்ளைகள் ஆழ்குழி வேண்டுமா, எங்கே வேண்டும் என்று தீர்மானிக்கும் நாளில், வேற்று நாட்டு மலையைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிராது. சுரங்கத்தார் பழைய பள்ளங்களை மூடி மரம் நடுவது நல்ல காரியந்தான். மூடுவதற்குமுன் ஒரு சாண் அகலமாவது அளந்து எழுதி வைக்கலாம் என்பதே நம் விண்ணப்பம்.

பங்குனி மாதக் கடைசியில், விடுமுறைக்குமுன், அந்தச் சிறுமியை அழைத்து ஜன்னற் கட்டியை உடைக்கச் சொன்னோம். சுத்தியலால் ஒரே அடி. வெளியே நகக்கனத்துக்கு மஞ்சள். விரிசல் ஓடிய ஓரிடத்தில் மட்டும் அந்த மஞ்சள் கோடாக உள்ளே போயிருந்தது. மற்றபடி நடுப்பாகம் முழுவதும் கருகருவென்று இருந்தது. அவள் அளவுகோலை வைத்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு, "இது மூன்று மாசத்துக்குத்தானே சார்?" என்று கேட்டுவிட்டு, உடைந்த பாதிகளில் ஒன்றை மீண்டும் ஜன்னற் படியில் வைத்தாள். அதன் அடியில் தேதி எழுதிய காகிதம் ஒன்றையும் செருகினாள்.